உறங்கும் இடம்



அடகு வைத்த நகையை மீட்பது என்கிறோம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்பதே வீரம் என்று பழந்தமிழ்ப் புலவர்கள் பாடினார்கள். பாவத்திலிருந்து ஆன்மாவை மீட்பது என்று சமயவாதிகள் பேசுகிறார்கள். நகைக்கும் மாட்டுக்கும் ஆன்மாவுக்கும் வழங்குகிற இந்தச் சொல், புகைவண்டி நிலையத்து வாயிலில் சாக்கை விரித்துப் படுத்திருக்கும் மனிதருக்கு மட்டும் ஏனோ எளிதில் வாய்க்கவில்லை. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "இனி அவன் எங்கே திருந்தப் போகிறான்?" என்ற கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம். திருந்துவது வேறு, மீள்வது வேறு. இவ்விரண்டையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதால் விளைந்த தீமை பெரிது என்பது என் எண்ணம். அதனை என் ஊராகிய சின்னசேலத்தை வைத்தே சொல்ல முயல்கிறேன்.

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையில் சின்னசேலம் ஒரு நிலையம். வடக்கே கல்வராயன் மலை தெரியும். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் ஊரை ஒட்டியே போகிறது. சுற்றிலும் மரவள்ளி விளைகிறது. எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். அக்கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளும் உண்டு, அரிசி ஆலைகளும் உண்டு. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எனினும் அவ்வூரார் புகைவண்டி ஏற நெடுங்காலமாக எங்கள் ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். சாலையும் தண்டவாளமும் அருகருகே போகிற ஊருக்கு வணிகரும் வருவர், வழி தவறியவரும் வருவர். மகன் வீட்டில் இடமில்லாமற்போன கிழவர், எந்த ஊர் என்று அறியாமலே வண்டியிலிருந்து இறங்கிவிட்ட சித்தம் கலங்கிய வடநாட்டுப் பெண், கிழங்கு அரைக்கும் பருவம் முடிந்ததும் கூலியும் இன்றிக் கூரையும் இன்றி நின்றுவிட்ட தொழிலாளி என்று எத்தனையோ பேரை அந்த நிலையத்து வாயில் கண்டிருக்கிறது.

இத்தகையோர் முன்னாளிலும் இருந்தார்கள். அவர்களை வழிப்போக்கர் என்றார்கள், பரதேசி என்றார்கள். பரதேசி என்பது இன்று வசைச் சொல்லாகிவிட்டது. வேறு தேசத்தவர் என்பதே அதன் பொருள். தெருவுக்குத் தெரு திண்ணை இருந்தது. அந்தி சாய்ந்தபின் வந்தவர் துண்டை உதறிப் போட்டுப் படுத்துக்கொள்வார், விடிந்ததும் போய்விடுவார். முன்னாளைப் பொற்காலமாக்கிப் பேசுவது என் நோக்கமன்று. எந்தத் திண்ணையில் எவர் படுக்கலாம் என்பதற்குச் சாதி என்று ஒரு கொடிய கணக்கு இருந்தது. சத்திரங்களிலும் அது இருந்தது. அக்கணக்கு ஒழியத்தான் வேண்டும். ஆனால் கணக்கு ஒழியுமுன்னே திண்ணை ஒழிந்துவிட்டது. இன்று வீட்டு முகப்பில் இரும்புக் கதவு இருக்கிறது, அதற்குமேல் கண்காணிப்புக் கருவி இருக்கிறது. அந்தக் கருவியின் கண்ணுக்கு வழிப்போக்கரும் திருடரும் ஒன்றே.

நம் காப்பியங்களுள் ஒன்றான மணிமேகலையில் ஒரு செய்தி வருகிறது. அமுதசுரபியைக் கையிலேந்திய மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்குள் சென்று, அங்கே பசித்துக் கிடந்தவர்களுக்கு உணவளிக்கிறாள். செய்தி அரசனுக்கு எட்டுகிறது. அவளை அழைத்து, வேண்டுவது யாது என்கிறான். பொன்னையும் பொருளையும் அவள் கேட்கவில்லை. அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக ஆக்கித் தரவேண்டும் என்கிறாள், அவனும் இசைகிறான். உள்ளே இருந்தவர்கள் திருந்திவிட்டார்களா என்று அரசன் கேட்டதாகப் புலவர் சொல்லவில்லை என்பதே எனக்கு வியப்பு. முதலில் இடம் மாறிற்று. மனிதர் மாறுவது அதற்குப் பின்னே நடக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலும்.

நம் காலத்துச் சட்டம் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கிற்று. 1945-இல் சென்னை மாகாணத்தில் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. பொது இடத்தில் கையேந்துபவரைக் காவலர் பிடிக்கலாம். நீதிபதி அவரை ஒரு காப்பகத்துக்கு அனுப்பலாம். வறுமையைக் குற்றமாக எழுதிவைத்த சட்டம் அது. எனினும் அதே அரசு இயந்திரம் பிறிதொரு காரியத்தையும் செய்தது. அதையும் சொல்வதே நியாயம். 1971-இல் இரவலர் மறுவாழ்வுத் திட்டம் என்ற பெயரில், தொழுநோயால் பாதிக்கப்பட்டுத் தெருவில் இரந்து திரிந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் ஆங்காங்கே மறுவாழ்வு இல்லங்களை அமைக்கும் பணி தொடங்கிற்று. அவற்றுள் ஒன்று எங்களுக்கு மேற்கே, சேலம் செல்லும் வழியிலுள்ள தேவியாக்குறிச்சியில் அமைந்தது. மற்றொன்று கிழக்கே உளுந்தூர்ப்பேட்டையில் அமைந்தது. ஒரே நெடுஞ்சாலையின் இரு பக்கங்களிலும் இரண்டு இல்லங்கள்; நடுவே எங்கள் ஊர். இத்தகைய இல்லங்களுக்கு வந்து சேர்ந்தோருள் பலர் பிறகு எங்கும் போகவில்லை. அங்கேயே மணம் செய்துகொண்டார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள், அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நோய் மருந்தினால் குணமாயிற்று. ஆனால் பிறந்த ஊர் அவர்களைத் திரும்ப ஏற்கவில்லை. ஆகவே அடைக்கலமாக வந்த இடமே சொந்த ஊராயிற்று. இதை முழு மீட்சி என்பதா, பாதி மீட்சி என்பதா? பிள்ளைகள் தம் ஊர்ப் பெயரைக் கூசாமல் சொல்லும் நாள் வரும்வரை பாதி என்றே நான் சொல்வேன். ஆனால் அந்தப் பாதியும், ஒரு கதவும் ஒரு கூரையும் கிடைத்ததால் வந்தது.

இனி, நான் நேரில் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். அறுபதைக் கடந்தவர். இளமையில் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு மூட்டை இறக்கியவர்; களத்தில் மாவு காயவைத்தவர். மனைவி இறந்தபின் குடி மிகுந்தது. தம்பியுடன் மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டைவிட்டு வெளியே வந்தவர், மழைக்கு ஒதுங்குவதுபோல் புகைவண்டி நிலையத்துக்கு வந்து, நான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். விடியற்காலையில் எதிரிலுள்ள தேநீர்க் கடையின் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார். கடைக்காரர் தேநீரும் இரண்டு வடையும் கொடுப்பார். இதற்கு ஒப்பந்தம் ஒன்றும் இல்லை. "அண்ணே, இன்னிக்குப் புழுதி ஜாஸ்தி" என்று அவர் சொன்னால் இவர் இன்னொரு குடம் தெளிப்பார், அவ்வளவுதான்.

அவர்மீது இரக்கங்கொண்ட ஓர் ஆலை உரிமையாளர், இரவுக் காவலர் வேலை கொடுத்தார். தங்குவதற்கு ஓர் அறை, கட்டில், மின்விசிறி, மாதச் சம்பளம் எல்லாம் கொடுத்தார். கொடுத்தவர் நல்லவர், அதில் ஐயமில்லை. நாற்பதாவது நாள் இவர் திரும்ப நிலையத்துக்கே வந்துவிட்டார். ஊரார், "நாங்கள் அப்போதே சொன்னோமே" என்றார்கள். ஊராருக்கு இப்படிச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பைப்போல் இனியது வேறில்லை! நான் அவரிடம், "ஏன் ஐயா, அறை வசதியாக இல்லையா?" என்று கேட்டேன். "வசதிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லீங்க. கதவைச் சாத்தினா எனக்குத் தூக்கம் வரலே. இங்கே சுத்தி நாலு பேரு மூச்சுவிடற சத்தம் கேக்கும். அங்கே என் மூச்சு ஒண்ணுதான் கேட்டுது" என்றார். சற்று நேரம் கழித்து, மாதச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வந்த அன்றே எல்லாம் போய்விட்டது என்பதையும் அவரே சொன்னார்.

நேயர்களே, இங்கே அவர் தோற்றார் என்று சொல்லிவிடலாம், அது எளிது. உண்மையில் தோற்றது, ஒரே தாவலில் அவரைக் கரையேற்றிவிடலாம் என்ற நம் நினைப்பு. ஆற்றில் நெடுநேரம் கிடந்தவர் கரையேறும்போது கால் வழுக்கத்தான் செய்யும். ஒருமுறை வழுக்கியவருக்கு மறுமுறை கை கொடுப்பதில்லை என்று ஊர் முடிவுகட்டிவிடுவதே இதில் துன்பம். வெளிநாடுகளில் இதைக் கருத்தூன்றி ஆராய்ந்திருக்கிறார்கள். குடியை விட்டால்தான் வீடு, மருந்துண்டு நல்ல பெயர் எடுத்தால்தான் வீடு என்று படிப்படியாக வைத்திருந்த முறையைத் தலைகீழாகத் திருப்பி, முதலில் வீட்டைக் கொடுப்போம், மற்றவை பிறகு என்று 1992-இல் நியூயார்க் நகரில் ஓர் அமைப்பு தொடங்கிற்று. வீடு பெற்றவர்களுள் பெரும்பாலோர் அவ்வீட்டிலேயே நிலைத்தார்கள். பின்லாந்து நாடு 2008 முதல் இதையே அரசின் கொள்கையாகக் கொண்டது. பனிநாட்டில் கூரை இல்லாதவர் ஓரிரவில் இறந்துபோவார். ஆதலால் அவர்களுக்கு அவசரம் புரிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். நம் நாட்டிலும் குளிர்தான் முதலில் கதவைத் தட்டிற்று. 2010-ஆம் ஆண்டு தில்லியில் கடுங்குளிரில் வீடற்றோர் வாடியதைக் கண்டு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெருநகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஓர் இரவுத் தங்குவிடுதி வேண்டும் என்ற அளவுகோல் அவ்வழக்கிலிருந்து எழுந்தது.

அளவுகோல் நல்லதே. ஆனால் சின்னசேலத்தில் ஓர் இலட்சம் மக்கள் இல்லையே! சிற்றூரிலும் பேரூரிலும் வீட்டை இழந்தவர் ஓர் எண்ணாகக்கூட ஆவதில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, வீடற்றோரைத் தேடித் தேடி எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வந்தது. ஓரிரவுக் கணக்கு அது. அன்றிரவு புதர் மறைவில் படுத்தவரையும், ஓடும் வண்டியில் உறங்கியவரையும் யார் எண்ணியிருப்பார்கள்?

ஓடும் வண்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் நிலையத்து இருப்புப்பாதை விருத்தாசலத்தோடு நின்றுவிடவில்லை; அங்கிருந்து கடலூர் செல்லும் பாதையில் வடலூர் இருக்கிறது. 1867-இல் வள்ளலார், பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில் சத்திய தருமச்சாலையை நிறுவி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. எங்கள் நிலையத்துவாசிகளுக்கு இது நன்றாகத் தெரியும். உடல் சோர்ந்தால், "வடலூர் போய்ட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். அங்கே யாரும் குலம் கேட்பதில்லை, குற்றம் கேட்பதில்லை, இலை போடுகிறார்கள். நான் சொல்லிவரும் பெரியவரும் ஆண்டுக்கு நான்கைந்து முறை போய்வருவார். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது அவர் முகம் சற்றுத் தெளிந்திருக்கும்.

சித்தம் கலங்கியவர்களின் நிலை இன்னும் கடினமானது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். அதைக் கேட்டு நாடே பதறியது. 2017-இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலைய அதிகாரிக்கு விதித்தது. 24 மணி நேரத்துக்குள் அவரை அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோகவேண்டும். காவல் கொட்டடியில் அடைக்கக்கூடாது. வீடற்றவரானால், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடவேண்டும். இது பிடிக்கும் சட்டம் அன்று, தேடிக்கொடுக்கும் சட்டம். 2018 முதல் தமிழக அரசு சில மாவட்டங்களில் இவர்களுக்கென அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களையும் திறந்தது. மீட்பு என்ற சொல் அந்தப் பலகையில் எழுதப்பட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி. சென்னையில் 1993-இல் தொடங்கிய 'பேனியன்' என்னும் அமைப்பு இன்னும் ஒரு படி சென்றது. நெடுநாள் மருத்துவமனையிலேயே தங்கிவிட்ட பெண்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தது. பக்கத்து வீட்டாரிடம் கறிவேப்பிலை கடன் கேட்கும் நிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அவருக்கு வேறு சான்றிதழ் வேண்டுமா?

அடைக்கலம் என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் அடைக்கலமாகிவிடாது என்பதையும் எங்கள் பக்கத்து மக்கள் கண்டிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த இல்லம் ஒன்றிலிருந்து 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். கொடுமைகள் நடந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்கு நடந்தது. தெருவிலிருந்து மீட்கிறோம் என்று கொண்டுபோகப்பட்டவர்களை, அந்த மீட்பிலிருந்தே மீட்கவேண்டியதாயிற்று. வாகனத்தில் ஏற்றிச் செல்பவர் யார், உரிமம் உண்டா, ஏற்றப்பட்டவர் எழுதப்பட்ட ஏடு எங்கே என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்ததைத் தமிழகம் மறந்திராது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் நிலையத்து வாயிலில் ஒரு பேச்சும் இல்லை. பெரியவர் குடியை நிறுத்திவிட்டார். நான்கு மாதம் தொடவில்லை. பிறகு தொட்டார். அச்சம் எத்தனை நாளைக்குக் காவல் நிற்கும்? ஆனால் அந்த நான்கு மாதத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. தேநீர்க் கடைக்காரர் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் விறகை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தார். கொட்டகைக்குக் கதவு கிடையாது; நிலையத்துப் பேச்சுக்குரல் அங்கே கேட்கும். கூலியை மொத்தமாகக் கொடுக்காமல் நாள்தோறும் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். எந்த நூலையும் படித்து அவர் இதைச் செய்யவில்லை. முதல் ஏற்பாடு ஏன் கவிழ்ந்தது என்று காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவே.

முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது இவருக்குக் கிடைத்தால் ஆகும் என்று நாங்கள் முயன்றோம். கிடைக்க வேண்டுமானால் அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். இவருடைய தாள்கள் எல்லாம் தம்பி வீட்டோடு போயின. நான் அஞ்சல் துறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் பணியாற்றியவன்; முகவரி இல்லாத கடிதம் எப்படிப் பை பையாகத் திரியும் என்று அறிவேன். மனிதரும் அப்படியே திரிகிறார். எந்த மேசைக்குப் போனாலும் முதற் கேள்வி, "முகவரி என்ன?" என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு ஓர் அரசு அலுவலகம் மட்டும் பெருந்தன்மையான விடை ஒன்றை எழுதிவைத்திருக்கிறது. அது தேர்தல் ஆணையம். வீடற்ற ஒருவர் வாக்காளராக விண்ணப்பித்தால், இருப்பிடத்துக்குத் தாள் சான்று வேண்டியதில்லை. அவர் எந்த இடத்தைக் குறிப்பிடுகிறாரோ, அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று, அவர் மெய்யாகவே அங்கு உறங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். ஓரிரவு பார்த்தால் போதாது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் செல்லவேண்டும் என்பது விதி. உறங்கும் இடமே இருப்பிடம் என்று எழுதியவர் யாரோ, அவரை நான் வணங்குகிறேன். வந்து பார்ப்பதற்கு மறு இரவும் ஒதுக்கியிருக்கிறாரே, அதற்காக இன்னொரு முறையும் வணங்குகிறேன்.

நாங்கள் 6-ஆம் எண் படிவத்தை நிரப்பி, தேநீர்க் கடையின் பின்புறக் கொட்டகை என்று இடத்தைக் குறித்துக் கொடுத்தோம். முதல் இரவு அலுவலர் வந்தார். ஓர் இளம் ஆசிரியை, துணைக்குத் தந்தையை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கொட்டகையில் சாக்குதான் கிடந்தது. பெரியவர் அன்று காலைதான் வடலூர் போயிருந்தார். ஆசிரியை முகம் சுளிக்கவில்லை. "அப்பா வந்ததும் சொல்லுங்க, வெள்ளிக்கிழமை மறுபடி வரேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமை அவர் மாலையிலேயே குளித்து, சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, படுக்காமல் உட்கார்ந்திருந்தார். "அவங்க வர்றப்ப தூங்கிட்டிருக்கணுமாண்ணே, முழிச்சிட்டிருக்கணுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாராம். தம்மைவிட இளையவரை அவர் அண்ணன் என்றழைத்தது அதுதான் முதல் தடவை என்று கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

பெயர் பட்டியலில் ஏறிற்று. சில வாரங்களில் அட்டையும் அஞ்சலில் வந்தது. வங்கிக் கணக்குக்கு ஒரு நாள் குறித்திருந்தோம். அதற்கு இரண்டு நாள் முன்னே, யாரிடமும் சொல்லாமல் அவர் கிளம்பிவிட்டார். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வடலூரில் விசாரித்தோம், வரவில்லை என்றார்கள். தம்பி வீட்டுக்கும் போகவில்லை. முன்பொருமுறை இருபது நாள் காணாமற்போய்த் திரும்பியிருக்கிறார் என்று கடைக்காரர் கணக்குச் சொல்கிறார். அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பணப்பெட்டிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். நோட்டில் அவர் பெயரில் 640 ரூபாய் இருக்கிறது. கொட்டகையில் விறகை இன்னும் திரும்ப அடுக்கவில்லை.